அடிக்காத தந்தி

என் மகன் ஞானமுத்துவுக்கு, ஆம்பூரிலிருந்து உன் அம்மா எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கல்யாணத் தேதி வைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். லில்லி வேப்பேரியில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறவள் என்றும், அதிகம் பேசாதவள் என்றும் எழுதியிருந்தாய். ஊரில் ஒருத்தருக்கும் பத்திரிகை கொடுக்க வேண்டாம், நான் மட்டும் வந்தால் போதும் என்று எழுதியிருந்தாய். அதெல்லாம் ஒரே மையில் இருந்தது. தாளின் ஓரத்தில் மட்டும் வேறு மையில் ஒரு வரி. எழுதி மடித்து வைத்துவிட்டு, மறுநாள் பிரித்து எழுதினாய் போலிருக்கிறது. 'நைனா கடைசியில் என்னைக் கேட்டாரா? லில்லி கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.' ஐந்து வருஷத்தில் இதை நீ என்னிடம் கேட்டதில்லை. கேட்டுவிடுவாயோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். சுற்றி வளைத்து எழுத ஆரம்பித்தால் பாதியில் எனக்குத் தைரியம் போய்விடும். அதனால் பதிலை முதலிலேயே எழுதுகிறேன். கேட்டார். உன் அப்பா இரண்டு நாளும் உன்னை மட்டும்தான் கேட்டார். உனக்குச் சொல்லாமல் விட்டது நான்.

இந்த இடத்தில் கடிதத்தைக் கிழித்துப் போடத் தோன்றும். முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. நான் செய்ததற்குச் சமாதானம் சொல்ல இதை எழுதவில்லை. எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். கல்யாணம் ஆகப் போகிறவன், நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும், உனக்கு வந்த மாதிரி அதற்கும் ஊரில் ஒரு பேர் வந்தாலும் வரும். பேர் வந்தவனைக் காட்டிலும் அவன் வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கெட்டுப்போகிறார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

உனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நீ ஒருத்தன்தான் நின்றாய். உன் அப்பா தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவர். நான் அங்கேயே ஆவாரம்பட்டைக் கொட்டகையில் தோல் ஊறப்போடப் பட்டை இடிக்கிறவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை நான் படித்ததும், அவருக்குக் கைநாட்டு மட்டுமே தெரிந்ததும் எனக்கு உள்ளூரப் பெருமை. அவரைவிட எனக்கு விவரம் ஜாஸ்தி என்று நினைத்தேன். உனக்குப் பதினொரு வயதிருக்கும்போது டேனரியிலிருந்து தோல் துண்டுகளைத் திருடி வந்து, உள்ளே மாட்டுமயிர் அடைத்து ஒரு பந்து தைத்தாய். அதைப் பார்த்ததும் உன் அப்பா தோல் சீவுகிற கத்தியால் இரண்டாக அறுத்துப் போட்டார். உன்னையும் அடித்தார். அவர் உன்னை அடித்தது அந்த ஒரு தரம்தான். நீ மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் அவர் மேஸ்திரியிடம் போய்க் கெஞ்சி, கழித்துப்போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து உன் முன்னால் வைத்தார். "இது கேட்டு வாங்கனது. இதுல தெச்சிக்கோ" என்றார். அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். அவருடைய விவரம் எப்படிப்பட்டது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அப்புறம் நீயும் பதினாறு வயதில் குழியில் இறங்கினாய். சாயங்காலம் பாலாற்று மணலில் நீயும் கரீமும் மற்ற பையன்களும் வெறுங்காலோடு ஆடுவீர்கள். கரீமின் அப்பா அதே டேனரியில் வண்டிக்காரர். நீ எங்கே ஓடுவாய் என்று திரும்பிப் பார்க்காமலே பந்தைத் தள்ளிவிடுவான் கரீம். பட்டைக் கொட்டகைப் பெண்கள் உங்கள் இரண்டு பேரையும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று கிண்டல் செய்வார்கள். முதலாளி உங்களைப் பார்த்துவிட்டு ஒரு நிஜப் பந்து வாங்கிக் கொடுத்தார். டேனரி டீம் என்று பேர் வந்தது. அந்த வருஷம் வேலூர் கோட்டை மைதானத்தில் பட்டாளத்து வெள்ளைக்காரர்களோடு ஆட உங்களைக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் ரயிலேறி வந்தோம். அவர்கள் பூட்ஸ் போட்டிருந்தார்கள். உங்களில் ஒருத்தன் காலிலும் ஒன்றும் இல்லை. நீ இரண்டு கோல் போட்டாய். இரண்டுக்கும் பந்து கரீம் காலிலிருந்து வந்தது. முடிந்ததும் ஜனங்கள் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அகழி ஓரமாக ஓடினார்கள். எங்கே போகிறார்கள் என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது. உன் அப்பா கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். "பாத்தியா உன் புள்ளைய" என்று கேட்டேன். "அந்தச் செவத்தவன் ரெண்டு தரம் அவன் கால மிதிச்சான். நகம் பேந்துருக்கும்" என்றார். எல்லோரும் கோலைப் பார்த்தார்கள், அவர் உன் காலைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் உன்னை உட்கார வைத்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, மஞ்சள் பத்துப் போட்டார். வாசலில் கூட்டம் காத்திருந்தது. முதலாளி ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா மிட்டாய் வரவழைத்துத் தட்டோடு அனுப்பியிருந்தார். 'இவர் இப்போது போய்க் காலைக் கழுவிக்கொண்டிருக்கிறாரே, வெளியே வந்து நாலு பேருக்கு முகத்தைக் காட்டக் கூடாதா' என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் வெளியே போய் நின்றேன்.

அங்கேதான் எனக்கு அந்தப் பேரின் மயக்கம் பிடித்தது என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் என்னைப் 'பட்டை இடிக்கிறவ' என்றுதான் கூப்பிடுவார்கள். மறுநாளிலிருந்து 'முத்துவோட அம்மா' ஆனேன். வேதக்கோயிலில் முன்வரிசையில் இடம் விட்டார்கள். மேஸ்திரி வீட்டுக்கு ஒரு வேலையாகப் போனபோது, அவர் பெண்சாதி நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். அந்த வீட்டு வாசலில் நான் இருபது வருஷம் நின்றுகொண்டே பேசியிருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு வந்த சந்தோஷம், நீ பிறந்தபோதுகூட வரவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதுதான் நிஜம்.

பட்டணத்துப் பந்தாட்டக் கிளப்புக்காரர் உன்னைக் கேட்டு வந்தபோது உன் அப்பாவுக்கு இஷ்டமில்லை. "கால் நல்லா இருக்கற வரைக்கும்தான் இவங்கல்லாம் வருவாங்க. அப்புறம் அவன் எங்க போவான்?" என்றார். "நீங்க குழியில கெடந்தது போதாதா, அவனும் கெடக்கணுமா?" என்று நான் அவர் வாயை அடைத்தேன். கிளப்புக்காரர் கரீமைக் கேட்கவில்லை. கோல் போட்டவன்தானே அவர்கள் கண்ணுக்குத் தெரிவான். நீ கிளம்புகிற அன்று, 'நான் போய்ச் சொல்லி உன்னையும் கூப்பிடுகிறேன்' என்று கரீமின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். சொன்னாயா என்று நான் கேட்டதில்லை. அது உனக்கும் அவனுக்கும் உள்ளது. ஆனால் உன் கல்யாணத்துக்கு முன்னால் நீ யோசிக்க வேண்டியதில் அதுவும் ஒன்று.

ஆறு மாதத்தில் பேப்பரில் உன் படம் வந்தது. பேப்பர் கிடைக்கிற அன்று கொட்டகையில் சாப்பாட்டு நேரத்தில் நான் வாசிப்பேன், எல்லோரும் கேட்பார்கள். அப்புறம் அந்த வியாழக்கிழமைக் கடிதம் வந்தது. சனிக்கிழமை கோப்பைக்கான கடைசி ஆட்டம் என்றும், ஒரு பயாஸ்கோப் கம்பெனிக்காரர் உன்னைப் பார்க்கவே வருகிறார் என்றும், ஆட்டம் நன்றாக அமைந்தால் உன்னை வைத்தே ஒரு படம் எடுப்பார்கள் என்றும் எழுதியிருந்தாய். அதையும் கொட்டகையில் வாசித்துவிட்டேன்.

கடிதம் வருவதற்கு முதல் நாளே உன் அப்பாவுக்குக் கழுத்தில் கருப்பாக ஒரு கொப்புளம் வந்திருந்தது. காய்ந்த தோல் கட்டைத் தோளில் சுமந்த இடம். டேனரியில் அப்படி வந்து செத்தவர்களை எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் கழுத்து முழுக்க வீங்கி, காய்ச்சல் அனலாக அடித்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, சொல்லியனுப்ப வேண்டியவர்களுக்குச் சொல்லியனுப்பச் சொன்னார். உள்ளே போனேன். டாக்டர் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கிறது. "பையனுக்குச் சொல்லி வுடு" என்றார். 'அப்பா மோசம், உடனே வா' என்று ஒரு தாளில் எழுதிக் கரீமிடம் கொடுத்தேன். அவன் தபாலாபீசுக்கு ஓடினான். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், "முத்துக்கு தந்தி அடிக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினான். தெருவே பார்த்தது.

நான் ஒரு பானைத் தண்ணீர் காய்கிற நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ தந்தியைப் பார்த்தால் நிற்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ராத்திரிக்குள் வந்துவிடுவாய். சனிக்கிழமை ஆட்டத்தில் இருக்க மாட்டாய். பயாஸ்கோப் கம்பெனிக்காரர் வேறு ஒருத்தனைப் பார்த்துவிட்டுப் போவார். கொட்டகையில் நான் என்ன சொல்லுவேன்? இதைத்தான் நினைத்தேன், முத்து. உன் எதிர்காலத்தை நினைத்தேன் என்று ஐந்து வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். நினைத்தது கொட்டகையைத்தான். பக்கத்து வீட்டுக்காரியை அவரிடம் உட்கார வைத்துவிட்டு ஓடினேன். கரீம் தந்தி ஜன்னலுக்கு முன்னால் நின்றிருந்தான். அவனுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள்.

"அத இப்டி குடு" என்றேன்.

"இன்னாம்மா, வேற எழுதணுமா?"

"ஒன்னும் எழுத வேணாம். நாளைக்கு மேட்ச்சு முடியட்டும்."

"நைனா கேக்கறாரும்மா."

"ஒரு நாளு. ஒரே நாளுடா. ஆட்டம் முடிஞ்சதும் தந்தி குடுத்தா ஞாயித்துக்கெழமெ வந்து நிப்பான்."

"அதுக்குள்ள அவருக்கு எதனா ஆச்சுன்னா?"

"ஆவாது."

அவன் தாளைக் கொடுக்காமல் நின்றான். நான் பிடுங்கினேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவன் அம்மா பேரில் அவனிடம் சத்தியம் வாங்கினேன். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவனிடம் நான் சத்தியம் வாங்கியிருக்கவே கூடாது. தாளைக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் ரயில் போவது உனக்குத் தெரியுமே. பட்டணத்திலிருந்து வருகிற வண்டி எது, ஜோலார்பேட்டையிலிருந்து வருகிற வண்டி எது என்று அவருக்குச் சத்தத்திலேயே தெரியும். ஒவ்வொரு பட்டணத்து வண்டிக்கும் தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் வாசலுக்குத் திருப்பினார். "வந்துட்டானா?" என்று கேட்டார். "அடுத்த வண்டியில வர்றான்" என்றேன். அடுத்த வண்டிக்கும் அதையே சொன்னேன். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பேச்சு குழறியது. நான் ஒன்றும் சொல்லாமலே அவர் உனக்காக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார். "பாவம், லீவு குடுத்திருக்க மாட்டாங்க" என்றார். அதற்கப்புறம் உன்னைக் கேட்கவில்லை. விளக்கேற்றுகிற நேரத்தில் போய்விட்டார். அதே நேரத்தில் பட்டணத்தில் உன்னைத் தோளில் தூக்கியிருந்தார்கள் என்று அப்புறம் பேப்பரில் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தந்தி அடித்தேன். நீ அன்று யாரோ பெரிய மனிதர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தாய், சாயங்காலம்தான் அது உன் கைக்கு வந்தது. பிரேதத்தை வைத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அன்றே அடக்கம் செய்துவிட்டோம். நீ திங்கட்கிழமை காலை வண்டியில் வந்தாய். தெரு முழுக்க ஆட்கள் இருந்தும் உன் பக்கத்தில் ஒருத்தரும் வரவில்லை. பட்டைக் கொட்டகை மங்கம்மா, உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள், முகத்தைத் திருப்பித் துப்பினாள். நீ காலில் போட்டிருந்த புது ஷூவைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைத்து, அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாய். வெள்ளிக்கிழமையே உனக்குத் தந்தி வந்துவிட்டது, கோப்பைக்காக அப்பன் சாவுக்கு வராமல் இருந்துவிட்டாய் என்று ஊர் நம்பியது. ஊருக்கு நான் அதை மறுத்துச் சொல்லவில்லை. உனக்கு வேறு பொய் சொன்னேன். "எப்பம்மா? ஒரு நாள் முன்னாடி சொல்லியிருந்தா ஓடியாந்திருப்பேனே" என்று அழுதாய். "சட்டுன்னு போய்ட்டாருடா. சொல்றதுக்கு நேரமே இல்ல" என்றேன். உன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் கரீம் தூரத்தில் நின்றிருந்தான். நீ கட்டிப்பிடிக்கப் போனபோது பின்னால் நகர்ந்தான். அவனால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பார்த்தால் சொல்லியிருப்பான். நீ வண்டியில் ஏறி ஜன்னல் வழியாக என்னிடம், "கரீமுக்குப் பொறாமைம்மா" என்றாய். நான் ஆமாம் என்றேன். உன் அப்பாவிடமிருந்து உன்னைப் பிரித்தது ஒரு பொய். உன் தோஸ்திடமிருந்து உன்னைப் பிரித்தது ஒரே ஒரு 'ஆமாம்'. பிறகு நீ அவனுக்கு எழுதிய கடிதத்துக்கு அவன் பதில் போடாததும் அதனால்தான். அந்தக் கடிதத்தை அவன் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டினான். "இதுக்கு இன்னா எழுதறது, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டான். நான் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் உன் படம் ஆம்பூர் டெண்ட் சினிமாவுக்கு வந்தது. ஒரே நெரிசல். ஊமைப்படம் என்பதால் திரையில் எழுத்து வரும்போது படிக்கத் தெரிந்தவர்கள் சத்தமாகப் படிப்பார்கள். பெண்கள் பக்கத்தில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், நடுவில் உட்கார வைத்தார்கள். டேனரிப் பையன் ஒருத்தன் பந்தாடிப் பேர் வாங்குகிற கதை. மாலை போடுகிறார்கள், மோட்டாரில் ஏற்றுகிறார்கள், பணக்காரப் பெண் ஒருத்தி பின்னால் வருகிறாள், எதற்கும் அவன் மயங்குவதில்லை. கடைசி ஆட்டத்தின் நடுவில் அவன் தாய் சாகக் கிடக்கிறாள் என்று சேதி வருகிறது. தாயாக நடித்தவள் பவுடர் பூசிய ஒரு சட்டைக்காரி, ஆங்கிலோ இந்தியப் பெண். நீ ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வயலும் வரப்புமாக ஓடுகிறாய். திரையில் எழுத்து வந்தது. 'வெற்றி எனக்கு வேண்டாம். பெற்றவள் முகம் போதும்.' நான் படித்தேன்.

எனக்குப் பக்கத்தில் மங்கம்மா இருந்தாள். "அப்பன் சாவக் கெடக்கறான்னு தந்தி போயும் வராத பையன், படத்துல ஓட்றத பாரேன்" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ விசில் அடித்தான். திரையில் நீ அந்தச் சட்டைக்காரியின் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அழுதாய். கீழ் உதட்டை மடித்து உள்ளே கடித்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க அழுதாய். பந்தை அறுத்துப்போட்ட அன்று நீ அப்படித்தான் அழுதாய். கம்பெனிக்காரர் உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. நீ அழுதது உன் அப்பாவுக்கு என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எழுந்து நின்று, 'தந்தி போகவில்லை, நான்தான் பிடுங்கினேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு அங்கேயே நின்றிருக்கும். அடுத்த எழுத்து வந்தது. "இன்னா போட்ருக்கு, படி" என்றாள் மங்கம்மா. படித்தேன். முடிகிற வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.

அந்தப் படத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் உன் பேர் இருந்தது. அப்புறம் பேசுகிற படம் வந்துவிட்டது, கம்பெனிக்காரர் உன்னை மறந்தார். உன் முழங்கால் பிசகியது, கிளப்புக்காரர் மறந்தார். இப்போது துறைமுக ஆபீசில் நீ குமாஸ்தாவாக இருக்கிறாய், பேரைச் சொன்னால் எந்த முத்து என்று கேட்கிறார்கள் என்று போன வருஷம் சிரித்துக்கொண்டு எழுதினாய். நான் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. உன் அப்பாவின் கடைசி இரண்டு நாளைக் கொடுத்து நான் வாங்கிய சாமான் இரண்டு வருஷத்துக்கு மேல் உழைக்கவில்லை. என் நாற்காலியும் போய்விட்டது. இப்போது மேஸ்திரி வீட்டில் மறுபடியும் நின்றுகொண்டுதான் பேசுகிறேன். உனக்கு ஒன்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்வேன். ஜனங்கள் உன்னை மறந்ததில் உனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. உன்னைத் தூக்கியபோது உன் காலைப் பார்த்தவர் யார் என்று தெரியாமல் போனதுதான் நஷ்டம். லில்லி உன்னை மைதானத்தில் பார்த்ததே இல்லை, படத்தையும் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறாய். அது ஒன்றுதான் உன் கடிதத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

உன் கடிதம் வந்த மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உனக்கு எழுதிவிட்டு ஊரிடம் சொல்லாமல் இருந்துவிடுவேனோ என்று என்மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. நின்றுகொண்டே சொன்னேன். மங்கம்மா கையில் எடுத்த கவளத்தைச் சோற்றுப் போசியில் திரும்ப வைத்தாள்.

"அந்தப் பையன வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசிட்டேனே" என்றாள். "நீ என் பக்கத்துலயே ஒக்காந்துனு எழுத்துப் படிச்சியே."

"ஆமா" என்றேன்.

"இனிமே என் பக்கத்துல ஒக்காராத" என்றாள்.

இப்போது நான் கொட்டகைக்கு வெளியே தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அதை உன்னிடம் புகாராகச் சொல்லவில்லை. நீ அந்தத் திங்கட்கிழமை காலையில் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த அந்தத் தெருவில் இப்போது நான் நடக்கிறேன், அவ்வளவுதான். கரீமிடமும் போனேன். 'சத்தியத்திலிருந்து உன்னை விட்டுவிட்டேன்' என்று அவனிடம் சொன்னேன். அவன் தன் பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்காமல், "அஞ்சு வருஷம் பேஜாரா இருந்துச்சும்மா" என்றான். அவன் விலாசம் பழையதுதான். நீ எழுதினால் இந்த முறை பதில் வரும்.

கல்யாணத்துக்கு நான் வருவதா வேண்டாமா என்று நீ சொல்ல வேண்டும். அவசரமாகச் சொல்லாதே. பெற்றவள் என்பதற்காகவும் சொல்லாதே. அந்தப் படத்தில் வருகிற பிள்ளை மாதிரி உடனே மனம் இளகி எனக்குக் கடிதம் போடாதே, அது கம்பெனிக்காரர் எழுதிய பிள்ளை. உனக்குக் கோபம் வர வேண்டும், வந்து, அது எவ்வளவு நாள் இருக்குமோ அவ்வளவு நாள் இருக்கட்டும். நான் வராவிட்டால் அங்கே வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லாதே. உன் வீட்டில் இனி ஒருத்தரும் அப்படிப் பொய் சொல்லிப் பழக வேண்டாம். அந்தப் பெண் லில்லி, உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று கேட்டால், இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடு. என்னைப் பற்றி நல்லதாக எதையும் சேர்த்துச் சொல்லாதே.

உன் அம்மா